மருந்து போயிட்டுது, வெள்ளை போகலை

ஈஸ்ட் வளர்ப்பவன் இன்குபேட்டரைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். லேப்பில் காலம் தள்ளியவர்கள் இதைப் படித்ததுமே தலையாட்டுவீர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம், அரியலூரிலிருந்து பஸ் பிடித்துப் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பயோடெக்னாலஜி பாடம் எடுத்தேன்.

இன்ஸ்பெக்ஷன்

என் ஆராய்ச்சிக் கைடிடமிருந்து ஒரு ஈஸ்ட் வாங்கி வந்திருந்தேன். பேக்கரி ஈஸ்ட் இல்லை. குச்சி மாதிரி இருந்து நடுவில் பிளந்து பெருகும் வகை. அதில் ஒரு ஜீனைக் குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரை ஒட்டி வைத்திருந்தார்கள். அங்கே டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் மெத்தில் என்ற சின்ன வேதி ஒட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பக்கத்து ஜீன் வாயடைத்துப் போகும், ஈஸ்ட் சிவப்பாக முளைக்கும். ஜீன் பேசினால் வெள்ளை.

ஈஸ்ட் வளர்த்த தட்டெல்லாம் செக்கச்செவேலென்று வந்த அன்று, தாளாளர் இன்ஸ்பெக்ஷன்காரர்களோடு உள்ளே வந்தார். ரத்தமென்று நினைத்து முகம் வெளுத்து, அவர்களை அப்படியே வெளியே திருப்பிவிட்டார். நான் ஜீன் வாயடைத்த கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது பேசுதோ பேசலியோ, இவங்க கெளம்புற வரைக்கும் அலமாரில வச்சுப் பூட்டிடுங்க சார்."

வெள்ளை

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த மாணவி ஷமீமா இதையே எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டாக எடுத்தாள். அப்பா துபாயில். இந்தத் தடவை தேறாவிட்டால் படிப்பு போதும், கல்யாணம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைல் என்ற இன்னொரு ஒட்டு கழன்றால்தான் அந்த இடத்தில் மெத்தில் ஒட்டும். கழலவிடாத ஒரு மருந்தைக் கலந்தாள், எதிர்பார்த்தபடி வெளுத்தது. பிறகு மருந்தைக் கழுவிவிட்டுப் புதுத் தட்டில் வளர்த்தோம். திரும்பச் சிவக்க வேண்டும்தானே? பாதிக்கு மேல் வெள்ளையாகவே முளைத்தன. மருந்தின் வாடையே படாத தலைமுறைகள். அவள் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "மருந்து போயிட்டுது சார், அது பண்ணுனது போகலியே. இத யாரு நம்புவாங்க?"

வைவா

யாரும் நம்பவில்லை. வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் வெள்ளையைப் பார்த்ததும், வேறு கிருமி விழுந்துவிட்டது, இதற்கு மார்க் போட முடியாது என்று தட்டை ஒதுக்கினார். ஷமீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வெள்ளையிலிருந்தே மறுபடி வளர்த்தது. புள்ளி புள்ளியாக முளைத்த ஈஸ்ட்டில் சில வெள்ளைப் புள்ளிகளுக்குள் முக்கோணமாகச் சிவப்பு கிளம்பியிருந்தது. ஜீன் கெட்டிருந்தால் சிவப்பாகவே இருந்திருக்கும், வெளுத்திருக்காது, வேறு கிருமியாக இருந்தால் இப்படித் திரும்பச் சிவக்காது, ஹிஸ்டோனில் மெத்தில் ஒட்டுவதும் விடுவதும்தான் மாறுகிறது என்றாள்.

அவர் இரண்டு நிறத்தையும் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். இரண்டிலும் நடுவில் பிளக்கும் அதே குச்சிகள். குனிந்தவர் நிமிரவே இல்லை. கடைசியில் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஒரு ஸ்டூல் போடும்மா. நான் மொதல்லேருந்து பாக்கணும்."

ஷமீமா நல்ல மார்க்கோடு தேறினாள். ஈஸ்ட்டோடு குடித்தனம் நடத்தும் நமக்கோ, நினைத்தபடி ஏதாவது நடந்தால் அதுதான் பெரிய அதிர்ச்சி.