பேசாமல் போன இரண்டு நாள்

ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் லைனில் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்பது அமிர்தவள்ளியின் குரல்தான். சூப்பர்வைசரே அவள் வாய்க்குப் பயந்தவர். ஆனால் வீட்டில் கோபம் வந்துவிட்டால் வாயை இறுக மூடிக்கொள்வாள். புருஷன் தேவசகாயத்துக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் அந்த மனுஷருக்குப் பேச ஆள் இல்லாவிட்டால் சோறு இறங்காது.

இந்த முறை சண்டை பிரஷர் மாத்திரைக்காக. தலை சுற்றுகிறது என்று அவர் அதை நிறுத்திவிட்டார். இவள் கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கடைசியில் பேச்சை நிறுத்தினாள். இரண்டு நாளாகப் பாத்திரங்கள்தான் அவளுக்காகச் சத்தம் போட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குக் கிளம்பும்போது பின்பக்கம் தொப்பென்று ஏதோ விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அவர் கிடந்தார். வாய் கோணியிருந்தது, வலது கை துவண்டிருந்தது, பேச்சே வரவில்லை. பக்கத்து வீட்டு ஜியாவுல்லா தன் காரில் ஏற்றிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

"கடைசியா எப்ப நல்லா பேசினாரு?" என்று கேட்டார் டாக்டர் நிஷா.

அமிர்தவள்ளிக்குத் தெரியாது. விடியற்காலையில் அவர் எழுந்த சத்தம் கேட்டது. இவள்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்.

"அப்ப நல்லதுதானே மேடம்?" என்றார் ஜியாவுல்லா.

"ரத்தக்கசிவு இல்லன்னுதான் அர்த்தம். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்புன்னா உடனே ஸ்கேன்ல தெரியாது. அதைக் கரைக்க ஊசி இருக்கு, ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிப்போய் போட்டா தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடலாம். விழுந்தது இப்பதான், ஆனா தூக்கத்துலயே வந்திருந்தா இன்னா பண்றது? அதான் கேக்கறேன்."

டாக்டர் நகர்ந்ததும் ஜியாவுல்லா குனிந்து, "காலையில பேசினாருன்னு சொல்லிடும்மா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் கையும் பேச்சும் போய்விடும், பொய் சொன்னால் ஆளே போய்விடலாம். வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள், தன் பாழாய்ப்போன வீம்பைத் திட்டிக்கொண்டே.

சட்டென்று நின்றாள். இந்த மனுஷராவது, ஒரு காலைப்பொழுது முழுக்க வாயை மூடிக்கொண்டு இருப்பதாவது!

டீக்கடைக்குப் போன் போட்டாள். இன்றைக்கு வரவேயில்லை என்றார்கள். பால்காரர் எடுக்கவில்லை. அடுத்து டேனரி கூட்டாளி ரஷீத் அஹமதுவைக் கூப்பிட்டாள்.

"ஏழரை மணிக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாரேம்மா! இரு, டைம் தெரியற ஸ்கிரீன்ஷாட்டோட அனுப்பறேன்."

டாக்டர் முன்னால் போனை நீட்டினாள். தேவசகாயத்தின் குரல் கணீரென்று வந்தது.

"பாய், எங்க வூட்ல ரெண்டு நாளா என்கிட்ட பேசல. ஒரே பேஜாரா இருக்கு. இன்னைக்கு மாத்திரை போட்டுட்டேன்னு நீயாவது அவகிட்ட சொல்லேன். நான் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்குவா."

"தெளிவா பேசியிருக்காரு. பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு," என்று டாக்டர் உள்ளே ஓடினார். அமிர்தவள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஊசி மருந்து இறங்க ஆரம்பித்த பிறகு அவளை உள்ளே விட்டார்கள். எவ்வளவு சரியாகும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் அவருடைய துவண்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாத்திரை போட்டீங்களாமே, பாய் சொன்னாரு. இதோ, நான் பேசிட்டேன். நீங்க ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது திட்டுங்க."

கோணிய உதடு அசைந்தது. ஏதோ சத்தம் வந்தது, வார்த்தையாக இல்லை.

அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். "இன்னாங்க? இன்னா சொன்னீங்க?"