‘நீங்க’ எந்த ஸ்டேஷனில் ‘நீ’ ஆனது?

இன்று மாலை ஜெர்சி சிட்டி வீட்டில், நண்பர் சபேசன் கொண்டுவந்த வீடியோ கேசட்டைப் போட்டோம். ரயிலில் அறிமுகமான ஓர் ஆணும் பெண்ணும் வயதானபின் சந்தித்து, அந்தப் பயணத்தை நினைத்துப் பார்க்கும் படம்.

பாதி வழிவரை ‘வாங்க, போங்க’ என்று பேசிய பெண், ரயில் பழுதாகி ஒரு ஸ்டேஷனில் நின்றபிறகு ‘வா, போ’ என்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்று காட்டவே இல்லை.

“எதையோ மறைக்கிறாங்க,” என்றேன்.

“வெறும் ஃப்ரெண்ட்ஷிப் சார். டயலாக் எழுதினவன் கவனிக்கல,” என்றார் சபேசன்.

நான் பள்ளியில் தமிழ் படித்தவன் அல்லன், சொந்தமாகக் கற்றவன். மரியாதை தானாக உதிராது என்பது எனக்குத் தெரியும். விடாமல் வாதாடினேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி மங்களம் குரல் கொடுத்தாள்: “சபேசா, நீ விடு. அவர் ஒத்துக்கவே மாட்டார்.”

“சரி மங்களம்,” என்றார் அவர்.

இதுவரை அவளுக்கு அவர் ‘சார்’, அவருக்கு அவள் ‘மேடம்’. போன மாதம் சென்னையிலிருந்து அவள் திரும்பியபோது, அதே விமானத்தில் துணைக்கு வந்தவர் சபேசன். வழியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் ஒரு நாள் நின்றுவிட்டது.

“எப்போலேருந்து இந்த நீ, வா எல்லாம்?” என்று கேட்டேன்.

“ஏர்போர்ட்ல பேசிட்டே இருந்தோம், ஃப்ரெண்டாயிட்டோம். இதுல என்ன?” என்றாள் மங்களம். சிரிப்பு வேறு.

“அப்படி என்ன பேசினீங்க?”

“மறந்துபோச்சு,” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

இரண்டு பேருக்கு ஒரே விஷயம் ஒன்றாக மறக்குமா? அனுபவப்பட்டவர்கள் பதில் எழுதுங்கள். சபேசனும் இந்த மின்னஞ்சல் குழுவில் இருக்கிறார். அவர் மட்டும் எழுத வேண்டாம்.