அளக்காத தூரம்

மண்சரிவுக்குப் பிறகு, இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு மலையைப் புதிதாக அளந்து வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். ஒருநாள் கற்பூரப் பொட்டலத்தோடு ஒருவர் வந்தார். அந்தச் சரிவில் மனைவியை இழந்தவர். உடல் கிடைக்கவில்லை.

"பழைய படத்துல எங்க லயம் இருக்குங்களா சார்?"

இருந்தது. வரிசையாக ஒட்டிய வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நீளக் கட்டமாக. கருவியோடு சேற்றில் நடந்து, அது நின்ற இடத்தைக் கண்டுபிடித்தேன்.

"உங்க வீடு எது, எந்தக் காம்பரா?" என்று கேட்டேன். துல்லியமாகக் காட்டிவிடலாம் என்ற பெருமை எனக்கு.

"இந்தக் கோடியில மொத காம்பராங்க. ஆனா அவ அதுல இல்ல. நான் புள்ளைகளத் தூக்கிட்டு ஓடினேன். அவ மத்தவங்கள எழுப்ப கதவு கதவா தட்டிக்கிட்டுப் போனா. எதுவரைக்கும் போனாளோ."

லயத்தின் நீளத்துக்கு மெல்ல நடந்தேன். அவர் பின்னாலேயே வந்து, கதவுகள் இருந்திருக்கும் இடங்களில் எல்லாம் கற்பூரம் ஏற்றினார். காற்றில் அணைந்தவற்றை மறுபடி ஏற்றினார்.

மறுகோடிக்கு வந்ததும் கேட்டார்: "இம்புட்டு தூரம் வந்திருப்பாளா சார்?"

"வந்திருப்பாங்க" என்றேன்.

எத்தனையோ மலைகளை அளந்திருக்கிறேன். அளக்காமல் நான் சொன்ன தூரம் அது ஒன்றுதான்.