ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்காத ஊர்

ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது எனக்குக் கழுத்து பிடித்திருந்தது. ஆனால் மனசு துள்ளிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் புருஷனும் நானுமாகத் தையல் கடை நடத்துகிறோம். எங்களுக்கு வெளியூர் என்றால் திருநெல்வேலி, மிஞ்சிப்போனால் மதுரை. ஒரகடத்தை நான் செய்தித்தாளில்தான் பார்த்திருக்கிறேன். புதுத் தொழிற்சாலை, புது ஒப்பந்தம் என்று அடிக்கடி படம் போடுவார்கள். கோட்டுப் போட்டவர்கள் கை குலுக்கிக்கொண்டிருப்பார்கள். என் தம்பி முத்துவை அந்தப் படங்களில் ஒருநாளும் கண்டதில்லை. அவன் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் தொழிற்சாலையில் கதவு மாட்டுகிறான். அவனுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரகடத்துப் பக்கம் இருக்கும் அவன் வீட்டுக்கு நான் போவது இதுதான் முதல் தடவை.

தாம்பரம் மேற்கிலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத் போகும் பஸ் கிடைத்தது. ஒரகடத்துக்கு முப்பது ரூபாய், சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். படப்பை வரைக்கும் எனக்குத் தெரிந்த தமிழ்நாடுதான்: பூக்கடை, பரோட்டாக் கடை, கல்யாண மண்டபம். அதைத் தாண்டியதும் சாலை பெரிதாக விரிந்துவிட்டது. ஒரு பக்கம் ஏரியில் நாரை நிற்கிறது. மறுபக்கம் நீலத் தகடு போட்ட ஒரு கட்டடம். அது முடிவதற்குள் நான் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுவிட்டேன். அப்போது எங்கள் பஸ்ஸை ஒட்டி ஒரு நீள லாரி வந்தது. இரண்டு அடுக்கில் புத்தம் புதுக் கார்கள், கதவில் வெள்ளைப் பிளாஸ்டிக் கூட உரிக்காமல். நான் எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன்.

"யம்மா, உக்காருங்க, உழுந்துகிழுந்து வெக்கப் போறீங்க," என்றார் கண்டக்டர். "இத்தப் போயி இன்னா அதிசயமா பாக்குறீங்க?"

"அதுல எங்க தம்பி மாட்டுன கதவும் இருக்குமய்யா," என்றேன்.

"அப்பிடியா? அப்ப நல்லாப் பாருங்க," என்று சிரித்தார். அடுத்த நிறுத்தம் வரை என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஏழே முக்காலுக்கு ஒரகடம் கூட்டுரோடு. மேம்பாலத்துக்குக் கீழே முத்து யூனிபாரத்தோடு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறான். தோளைத் தட்டியதும் கண்ணைத் திறந்து, "எக்கா, வந்துட்டியா? வா, பிரியாணி சாப்பிடுவோம்," என்றான். காலை எட்டு மணிக்குப் பிரியாணியா என்று நான் வாயைப் பிளந்தேன். கடைக்குள் போனால் உட்கார இடமில்லை. ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அதுதான் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேசையில் ஒடிசாக்காரப் பையன்கள், எதிர் மேசையில் தென்காசிப் பேச்சு, கல்லாவில் உள்ளூர்க்காரர். கடைக்கு எதிரே கொரிய எழுத்தில் ஒரு பலகை, பக்கத்திலேயே இளநீர் வண்டி. பிரியாணி நூற்றிருபது ரூபாய். பல் விளக்கிய வாசனை போகாத வாயோடு நானும் ஒரு பிளேட் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

வீடு வல்லம் வடகால் பக்கம், ஒரு அறையும் ஒரு அடுப்படியும். தம்பி மனைவி பவானி அந்த ஊர்ப் பெண்தான், செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள். இருவருக்கும் ஷேர் ஆட்டோவில் பழக்கமாகிக் கல்யாணத்தில் முடிந்தது. நான் போனபோது தலை குளித்து, மஞ்சள் புடவை கட்டி, பூ வைத்துத் தயாராக இருந்தாள்.

"வாங்க அண்ணி! இன்னிக்கு நாம மூணு பேரும் ஜாலியா சுத்தப் போறோம். நானும் இவரும் ஒண்ணா வெளிய போயி எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

கேட்க வேடிக்கையாக இருந்தது. ஒரே வீட்டில் இருப்பவர்கள்தானே? பிறகு அவள் விளக்கினாள். இரண்டு கம்பெனியிலும் வாரத்துக்கு ஒரு முறை ஷிப்ட் மாறும். அவன் இரவு என்றால் அவள் காலை. அவன் காலைக்கு மாறினால் அவள் மதியத்துக்குப் போய்விடுவாள். எந்த வாரமும் ஒன்று சேராது. அவள் பஸ் ஏறுகிற நிறுத்தத்தில்தான் அவன் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். சாப்பாட்டுப் பையைக் கை மாற்றிக்கொள்கிற அந்த இரண்டு நிமிஷம்தான் அவர்கள் குடும்பம் நடத்துகிற நேரம்.

"என்னிய பி பேட்ச்சுக்கு மாத்திட்டாங்கன்னா ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் வந்துரும் அண்ணி. எழுதிக் குட்த்து நாலு மாசமாவுது. அந்த பேட்ச்ல யார்னா வேலைய வுட்டு நின்னாத்தான் எடம். அத்தத்தான் வல்லக்கோட்டை முருகங்கிட்ட கேக்கப் போறேன்."

சொல்லும்போது சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

பதினொரு மணிக்கு வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஆளுக்கு முப்பது ரூபாய். உள்ளே எட்டு பேர், பெண்கள் எல்லாரும் பளபளவென்று உடுத்தியிருந்தார்கள். இங்கேதான் இந்த ஊரின் பெரிய விசித்திரத்தைக் கண்டேன். யாரோ ஒருவரின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவர் எடுத்துப் பெயரைப் பார்க்கிறார், மறுபடி பைக்குள் போடுகிறார். அது ஓய்ந்தால் இன்னொருவர் போன். யாரும் எடுக்கவில்லை. யாருக்கும் அது வித்தியாசமாகவும் படவில்லை. பவானியின் போனும் ஐந்தாறு தடவை அடித்தது.

"ஏட்டி, யாருன்னு எடுத்துத்தான் பாரேன்," என்றேன்.

"அய்யோ அண்ணி, எட்த்தா அவ்ளோதான்! ஞாயித்துக்கெழம வர்ற போன்லாம் ஓட்டிக்குத்தான். ஆள் பத்தல, ஓடியான்னுவாங்க."

ஓட்டி என்றால் கூடுதல் நேர வேலை. போனை எடுத்துவிட்டு வர முடியாது என்று சொன்னால் முகத்தில் அடித்ததுபோல ஆகிவிடுமாம். அதனால் எடுப்பதே இல்லை. வாட்ஸப்பையும் திறப்பதில்லை. திறந்தால் நீல டிக் விழும், பார்த்தது தெரிந்துவிடும். திரையில் என்ன பெயர் என்று எட்டிப் பார்த்தேன். தன் லைன் சூப்பர்வைசரை "சுகந்தி மேடம் எடுக்காத" என்று பதிந்து வைத்திருந்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒரு மனுஷன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று டிவியில் இப்போதெல்லாம் சட்டை மடிப்புக் கலையாமல் விவாதம் செய்கிறார்கள். இன்னும் அதிகம் உழைத்தால்தான் நாடு முன்னேறும் என்கிறார் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டோவில் ஏற்றிவிட வேண்டும். மடியில் அடிக்கும் போனைப் பொத்திக்கொண்டு கோவிலுக்குப் போகிறவர்களை அவர் பார்க்கட்டும்.

வல்லக்கோட்டை முருகன் ஆளைவிட உயரம். அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வரிசையில் முத்து என் தோளில் தலை சாய்த்து ஒரு தூக்கம் போட்டான். பவானி கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். வெளியே வந்து பிரசாதப் பொங்கலைத் தின்றுகொண்டிருந்தபோது, பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பவானியோடு வேலை பார்க்கும் ஜோதி.

"ஏய் பவானி! சொல்லிட்டியாடி?"

"இன்னாத்த?"

"அடிப்பாவி! பி பேட்ச்ல ஒரு எடம் காலிடி. நான் தெரியாம வாட்ஸப்பத் தொறந்துட்டேன், குரூப்ல போட்டுக் கீறாங்க. சுகந்தி மேடம் காலையிலேந்து உனுக்குத்தான் போன் போட்டுக்கினு கீறாங்க. ஒரு மணிக்குள்ள சொல்லலன்னா அட்த்த ஆளுக்குக் குட்த்துருவாங்களாம்!"

பவானியின் கையிலிருந்த தொன்னை கீழே விழுந்தது. அப்போது மணி பன்னிரண்டு இருபது. வாட்ஸப்பைத் திறந்தாள். ஜோதி சொன்னதுதான் அப்படியே இருந்தது. உடனே கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். "எஸ் மேடம், வேணும் மேடம்" என்று செய்தி அனுப்பினாள். டிக் சாம்பல் நிறத்திலேயே நின்றது.

"அவங்க எடுக்க மாட்டாங்கடி," என்றாள் ஜோதி. "ஞாயித்துக்கெழம மத்தியானம் லைன் பொண்ணுங்க போன் போட்டா, நாளிக்கு லீவு கேக்கத்தான்னு நெனச்சுக்குவாங்க. வாலாஜாபாத்ல மாமியார் வூட்டுக்குப் போயிருப்பாங்க. ரயில்வே கேட்டாண்ட ஒரு தெருன்னு சொன்ன ஞாபகம்."

முத்துவின் தூக்கம் கலைந்துவிட்டது. "எக்கா, ஏறு!" என்று எதிரே நின்ற ஆட்டோவுக்கு ஓடினான். வாலாஜாபாத்துக்கு ஐந்நூறு ரூபாய் என்றார் ஓட்டுநர் ஏழுமலை. நான் என் வாழ்நாளில் முதல் முறையாகப் பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.

வெளியில் பார்க்க எவ்வளவோ இருந்தன, எதையும் நான் பார்க்கவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் மதிய ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நின்றன, நடுவே கண்டெய்னர் லாரிகள். ஆட்டோ நின்றே போனது. பவானி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஏழுமலை மட்டும் நிம்மதியாக உலக விஷயம் பேசினார்.

"பரந்தூர்ல ஏர்போர்ட் வரும்ன்றாங்க, நியூஸ் பாத்தீங்களா? எங்க மச்சான் நெலத்துக்கு வெல ஏறும்னு குதிக்கறான். எங்க ஆத்தா ஏரி போயிரும்னு அழுவுது. வூட்ல டெய்லி சண்டதான். எனுக்கு ஏரியும் வோணும், ஏர்ப்போர்ட் சவாரியும் வோணும், நான் இன்னா பண்றது சொல்லுங்க?"

"அய்யா, ஏரியைப் பெறகு பாப்போம், மொதல்ல ஆட்டோவை விடும்," என்று கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பெட்ரோல் பங்க்குக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, லாரிகளையெல்லாம் தாண்டிவிட்டார். ஆட்டோவுக்குள் நாங்கள் மூவரும் கை தட்டினோம். அதற்குப் பிறகு வந்த காற்று இருக்கிறதே, அப்படி ஒரு வேகத்தில் நான் ஆட்டோவில் போனதில்லை. பயமும் சந்தோஷமுமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வாலாஜாபாத் ரயில்வே கேட்டருகே இறங்கியபோது ஒன்றே கால். பவானிக்குக் கண் நிறைந்துவிட்டது. "முடிஞ்சிது அண்ணி," என்றாள். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. "முடிஞ்சா அந்த மேடம் வாயால சொல்லட்டும். நீ போனைப் போட்டுக்கிட்டே நட," என்றேன். வீட்டு எண் தெரியாது, கையில் இருப்பது அந்த ஒரு போன்தான். அவள் கூப்பிட்டுக்கொண்டே நடக்க, நானும் முத்துவும் ஆளுக்கு ஒரு பக்கமாக வாசல் வாசலாகக் காது வைத்துக்கொண்டு போனோம். தெரு நாய்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தன. இரண்டாவது தெருவில், மீன் குழம்பு வாசனை வந்த ஒரு வீட்டு ஜன்னலில் போன் மணி கேட்டது. பவானி போனை அணைத்தாள், அது நின்றது. மறுபடி போட்டாள், அதுவும் அடித்தது.

கதவைத் தட்டினேன். தலையில் எண்ணெய் வழிய, நைட்டி மேல் துண்டு போட்டபடி ஒரு அம்மாள் வந்தார். பவானியைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"லீவெல்லாம் கெடையாது! வூட்டாண்டயே வந்துட்டியா?"

"லீவு வோணாம் மேடம். பி பேட்ச் வோணும். போன் எடுக்காதது என் தப்புதான் மேடம்," என்று பவானி தேம்பினாள்.

சுகந்தி மேடம் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார், முத்துவைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பன்னண்டு மணி வரிக்கும் நீ எடுக்கல. எதுக்கும் இருக்கட்டும்னு உனுக்கு அட்த்து செல்விக்குப் போட்டேன், அவளும் எடுக்கல. அதுக்கட்த்து ஒருத்தி, சுவிட்ச் ஆப். வெறுத்துப் போயி போனைத் தூக்கி ஜன்னல்ல வெச்சுட்டு எண்ண தேய்க்கப் போயிட்டேன். ஞாயித்துக்கெழம ஒருத்தியாச்சும் எடுக்கிறீங்களாடி? எடம் அப்பிடியேதான் கீது. உன் பேர்தான் மொதல்ல. நாளிக்கு காலைல பி பேட்ச்ல போயி நில்லு."

பவானி அவரைக் கட்டிப்பிடித்ததில் மஞ்சள் புடவையெல்லாம் எண்ணெய். முத்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். நான் வெளிப்படையாகவே அழுதேன், எனக்கு அதில் வெட்கம் கிடையாது. மேடம் எங்கள் மூவரையும் உட்கார வைத்து மீன் குழம்பு ஊற்றினார். சாப்பிடும்போதும் அவர் போன் அடித்தது. எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் வாலாஜாபாத் கடைத்தெருவில் பவானி திடீரென நின்றாள். "ஏங்க, நமக்குப் பூட்டு இல்லியே!" காலையில் நாங்கள் கிளம்பும்போது வீட்டுச் சொந்தக்காரரிடம் இரவல் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதுவரை அந்த வீட்டுக்குப் பூட்டே தேவைப்படவில்லை. ஒருவர் வெளியே போனால் ஒருவர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். பை மாற்றுகிற அந்த இரண்டு நிமிஷத்துக்குத் தாழ்ப்பாளே போதும். இருநூற்றைம்பது ரூபாய்க்குப் பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கினோம். பணம் நான்தான் கொடுத்தேன். கல்யாணத்துக்குக் கொடுத்த மோதிரத்தை விட அதைக் கொடுத்ததில்தான் எனக்குச் சந்தோஷம்.

அந்த வாரம் முத்துவுக்கும் காலை ஷிப்ட், திங்கள் விடியற்காலை மூவருமாகக் கிளம்பினோம். பவானி பூட்டினாள். முத்து திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தான். "நான் பூட்னா நம்பிக்க இல்லியா?" என்று அவள் ஆரம்பிக்க, பஸ் நிறுத்தம் வரை சண்டை. நிறுத்தத்திலும் சண்டை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதலில் அவள் பஸ் வந்தது, அடுத்து அவன் பஸ், கடைசியில் என்னுடைய தாம்பரம் பஸ்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கோவில்பட்டிக்கு, என் புருஷனுக்குப் போன் போட்டேன். எங்கள் கடையில் அவர் மெஷின் தெருவைப் பார்த்து இருக்கும், என் மெஷின் சுவரைப் பார்த்து. பல வருஷமாக முதுகோடு முதுகாகத்தான் தைக்கிறோம். நான் வருவதற்குள் இரண்டையும் எதிரெதிராகத் திருப்பிப் போடச் சொன்னேன்.

"எதுக்கு?" என்றார்.

"போடுங்க, வந்து சொல்லுதேன்," என்றேன்.