இலுப்பைப்பாடி என்ற இரண்டு ஊர்கள்

1. மஞ்சள் வரிசைகள்

திங்கட்கிழமை எங்கள் இணையதளத்தைத் திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் என் திரையில் இன்னும் சில மஞ்சள் வரிசைகள் மிச்சம் இருந்தன.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் தரவுப் பிரிவில் வேலை பார்த்தேன். புள்ளியியல் துறையிலிருந்து அங்கே அனுப்பியிருந்தார்கள். வருவாய்க்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று, ரேஷனுக்கு ஒன்று என்று ஒவ்வொரு துறையும் தனித்தனி ஊர்ப் பட்டியல் வைத்திருந்த காலம். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி, ஊருக்கு ஓர் எண் கொடுத்து, யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்துகொள்ளும்படி வெளியிடுவதுதான் எங்கள் வேலை. ஓப்பன் டேட்டா என்ற பேச்சு அலுவலகத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. நான் அதை முழுதாக நம்பினேன். பட்டியல் அலமாரிக்குள் பூட்டியிருந்தால் அதிலுள்ள தவறும் உள்ளேயே இருந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் சாஃப்ட்வேர் அந்த வரிசைகளை மஞ்சளாக்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த வி.ஏ.ஓ.வை ஃபோனில் விசாரித்து, ஒரே ஊர்தான் என்று உறுதியானால் இரண்டையும் ஒன்றாக்குவேன். கடைசியாக நின்றது கல்வராயன் மலையின் இலுப்பைப்பாடி. ஒரே ஊராட்சியில் இரண்டு வரிசை. ஒன்றுக்கு ஜி.பி.எஸ். குறிப்பு இருந்தது, மற்றதற்கு இல்லை. மூன்று முறை ஃபோன் போட்டேன். மலையில் லைன் கிடைக்கவில்லை.

எங்கள் உதவி இயக்குநர் கதவருகே வந்து நின்றார்.

"இன்னாம்மா பர்வீன், இன்னும் எத்தினி இருக்கு?"

"ஒன்னுதான் சார். வி.ஏ.ஓ.வுக்கு லைன் கெடைக்கல."

"ரெண்டும் ஒரே பேருதான? முடிச்சி வுடும்மா."

ஜி.பி.எஸ். குறிப்பு இல்லாத வரிசையை நீக்கி முடித்தேன். அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் அல்ல. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

2. செல்வி சிஸ்டர்

தளம் நன்றாகவே ஓடியது. சுகாதாரத் துறையினர் தங்கள் பழைய நோட்டை ஒதுக்கிவிட்டு, எங்கள் பட்டியலை வைத்தே நர்சுகளின் சுற்று அட்டவணையைத் தயாரித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு நான் பெருமைப்பட்டேன்.

மலையில் மழை தொடங்கும் முன் நர்சுகள் ஊர் ஊராகப் போய், நிறைமாதக் கர்ப்பிணிகளை ஜீப்பில் அழைத்துவந்து சுகாதார நிலையத்தில் தங்கவைப்பார்கள். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் சில ஊர்களுக்கு வழி அடைபட்டுவிடும்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை ஒரு நர்ஸ் என் மேஜைக்கு வந்தார். பெயர் செல்வி. கச்சிராயபாளையத்துக்காரர், மலைக்குப் புதிதாக மாற்றலாகிப் போனவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இலுப்பைப்பாடிக்குப் போனேன் மேடம். நெறமாசம் யாரும் இல்லன்னாங்க. எழுதிக்கினு வந்துட்டேன். ஓடைக்கு அந்தாண்ட அதே பேர்ல இன்னொரு ஊரு இருக்குன்னு எனக்குத் தெரியாது. லிஸ்ட்டுல இல்ல."

நான் திரையில் பட்டியலைத் திறந்தேன்.

"அங்க மல்லிகான்னு ஒரு பொண்ணு. வலி வந்தப்ப ஓடைல தண்ணி. டோலி கட்டித் தூக்கினு வந்துருக்காங்க. தண்ணி வடியட்டும்னு கரையிலயே காத்துக்கினு இருந்தாங்களாம். அங்கயே பொறந்துடிச்சி. கொழந்த தங்கல மேடம்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "பழைய நோட்டுல ரெண்டு ஊரும் இருக்கு. இதுல ஏன் இல்லன்னு கேக்கத்தான் வந்தேன். எனக்கு மெமோ குடுத்துருக்காங்க."

3. யார் நீக்கியது

பட்டியலில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிவேட்டில் தானாக ஏறும். அதைப் பார்க்கும் அனுமதி எனக்கும் உதவி இயக்குநருக்கும் மட்டும்தான் இருந்தது. செல்வி போன பிறகு திறந்து பார்த்தேன். இலுப்பைப்பாடி, நீக்கப்பட்டது, நீக்கியவர் பர்வீன். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

உதவி இயக்குநரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"சிஸ்டம் எரர்னு எழுதிடலாம்மா. மிஷின் மேல யாரு நடவடிக்கை எடுக்கப் போறாங்க? உனக்கு இன்னும் எத்தினியோ வருசம் சர்வீஸ் இருக்கு."

"செல்வி சிஸ்டரோட மெமோ சார்?"

"அத அவங்க ஆபீஸ்ல பாத்துப்பாங்க."

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார். இரண்டு நாள் நான் எதுவும் எழுதவில்லை. அதையும் மறைக்காமல் இங்கே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் நடந்ததை எழுதி, பதிவேட்டின் நகலை இணைத்து, இரண்டு அலுவலகங்களுக்கும் அனுப்பினேன். செல்வியின் மெமோ ரத்தானது. எனக்கு ஒன்று வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது.

4. ஓடைக்கு அந்தாண்ட

தண்ணீர் வடிந்த பிறகு செல்வியோடு போனேன். வெள்ளிமலை வரை பஸ், அங்கிருந்து ஜீப், ஓடையிலிருந்து நடை. மல்லிகா வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது.

"ஒங்க ஊரு பேர கம்ப்யூட்டர்லருந்து எடுத்தது நான்தாம்மா. ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சிட்டேன்."

"ஒன்னு இல்லீங்க" என்றார். கை சாமையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பிறகு நிமிர்ந்தார். "எடுக்கறதுக்கு முன்னாடி யாரக் கேட்டீங்க?"

"ஃபோன் போட்டேன். கெடைக்கல."

"கெடைக்கலன்னா?"

அவர் கணவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். யாரும் திட்டவில்லை. மன்னித்தோம் என்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது மல்லிகா கேட்டார். "இப்ப எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சும்மா."

"இனிமே எடுக்கணும்னா இங்க வந்து கேளுங்க."

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அலுவலக மொழியில் மாற்றி விதியாக எழுதினேன். ஓர் ஊரின் வரிசையைத் தனி ஆள் நீக்கக் கூடாது. அந்த ஊருக்கே போய், அங்கே வசிப்பவரிடம் கேட்க வேண்டும். கேட்கும் வரை 'சரிபார்க்கப்படவில்லை' என்ற குறிப்போடு அது பட்டியலில் இருக்கும். யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற பதிவேடும் பட்டியலோடு எல்லோருக்கும் திறந்திருக்கும்.

கடைசிப் பகுதிக்குத்தான் எதிர்ப்பு. "நம்ம தப்ப நாமளே ஊருக்குக் காட்டணுமா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். ஒப்புதல் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பட்டியலைத் திறந்துவைத்தால், நமக்குத் தெரியாத யாரோ அதை நம்பி ஒரு ஜீப்பை அனுப்புவார்கள் அல்லது அனுப்பாமல் விடுவார்கள். அதனால் உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதி வெளியிடுங்கள். செய்த மாற்றத்தின் கீழ் உங்கள் பெயரைப் போடுங்கள்.

அந்தப் பொதுப் பதிவேட்டின் முதல் வரி: இலுப்பைப்பாடி, நீக்கியவர் பர்வீன். நான் ஓய்வு பெறும் வாரத்தில், என் பெயரை எடுத்துவிட்டு 'அலுவலர்' என்று மாற்றிவிடட்டுமா என்று அங்கிருந்தவர்கள் அன்போடு கேட்டார்கள்.

இருக்கட்டும் என்றேன்.