கூண்டில் பூட்டிய சீட்

கொழும்பு ஒருகொடவத்தையில் கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கராஜில்தான் அந்த வெல்டரைச் சந்தித்தேன். என் வயதுதான் இருக்கும். கண்கள் சிவந்து, தோள்கள் தொங்கி, எந்நேரமும் வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்படுபவர் போலவே இருப்பார். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியபின் கண்ணை மூடி விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார்.

மறுநாள் எனக்குக் கார்ப் பந்தயம். சீட் ஆடிக்கொண்டிருந்தது. அலுவலகம் முடிந்து களைத்துப்போய் வந்திருந்தேன்.

“அடித்தகரத்திலயே நாலு போல்ட் போட்டு விடுங்கோ, போதும்” என்றேன்.

“அது சரிவராது. தகரம் கிழியும். சீட் உங்களோட பறக்கும். கார் உருண்டா ஆளைக் காக்க உள்ளுக்க இருக்கிற இரும்புக் கூண்டில குறுக்கே பைப் வெல்ட் பண்ணி, அதிலதான் பூட்டோணும்.”

“நேரம் போகுமே?”

“ஓம், போகும். எனக்கும் களைச்சுப்போய் ஏலாமத்தான் இருக்கு. பிழையாச் செய்ய அதைவிட ஏலாது.”

பந்தயத்தின் மூன்றாவது சுற்றில் கார் இரண்டு தரம் உருண்டது. அடித்தகரம் கிழிந்துபோனது. சீட் கூண்டோடு அப்படியே நின்றது. நான் நடந்து வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“சீட் அசைஞ்சதோ?”

“இல்லை.”

“அப்ப சரி. அந்தச் சீட்டைத் திரும்பக் காரில போட்டுப் பாவியாதேங்கோ. உள்ளுக்க கண்ணுக்குத் தெரியாம வெடிப்பு விழுந்திருக்கும்.”

சொல்லிவிட்டு இன்னொரு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் உயிரோடு வந்து நின்றது அவருக்குச் சந்தோஷமா, அதுவும் வேலையில் ஒரு பகுதிதானா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.