பின்னாலிருந்து போர்த்திய பொன்னாடை

சாந்தோமில் எங்கள் மாதா கோயில் பங்கு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா. பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பியவர்களில் எங்கள் பகுதியில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். நூறு வயதை நெருங்கிய ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடினால் அவருக்கு ஆகாது. எங்கே உட்கார்ந்தாலும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். மேடையில் அதற்கு வழியில்லை.

பொன்னாடை போர்த்தும் பொறுப்பு எனக்கு. போட்டோவில் அவர் முகம் மறையக் கூடாதே என்று பின்பக்கமாகப் போய்ப் போர்த்தினேன். சால்வை தோளில் பட்டதுதான் தாமதம், என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மூடாத! நான் இன்னும் சாவல!"

கைதட்டல் நின்றது.

"பொன்னாடை தாத்தா. மரியாதைக்குப் போடறது."

சால்வையைத் தடவிப் பார்த்தார்.

"பர்மால செத்துட்டேன்னு என்னயும் கம்பளி போட்டு மூடிட்டாங்கோ, நைனா. உள்ள கெடந்து கத்துறேன், ஒருத்தன் காதுலயும் விழல."

கீழே பார்த்தேன். ஆளுக்கொரு பொன்னாடையோடு மண்டப வாசல்வரை வரிசை நின்றது.

"எல்லாரையும் முன்னால வரச்சொல்லு. மூஞ்சி தெரியணும்" என்றார்.

அப்படியே வந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகச் சால்வைகள் ஏறின. ஒவ்வொன்றுக்கும் அவர் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. திடீரென்று பிடி தளர்ந்தது.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குனிந்து, அந்தச் சால்வைக் குவியல் அசைகிறதா என்று பார்த்தேன்.